தலைக்கு முந்நூறு

ஆறு பேர் தனித்தனியாகப் பணம் அனுப்பினால் ஆறு கூலி. சேர்ந்து ஒருவர் பேரில் அனுப்பினால் ஒரே கூலி. இதைக் கண்டுபிடித்தவர் கிரேன்காரர். கடல் கடந்து போய், கப்பல் பட்டறையில் பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி இறக்குகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க அந்தரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு யோசனை வராமல் என்ன செய்யும்? அங்கே பணம் அனுப்பும் கடையில் கொஞ்சமாக அனுப்பினாலும் கட்டுக்கட்டாக அனுப்பினாலும் கூலி மட்டும் மாறாது. நம் ஊர்ப் பணத்தில் ஆயிரத்து எண்ணூறு.

அவர் அறையில் ஆறு பேர். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவராகப் போனவர்கள், அதனால் ஆறு பேர் வீடும் எங்கள் தெருவைச் சுற்றித்தான். மாதம் ஒருவர் முறை. முறை வந்தவர் எல்லார் பணத்தையும் தன் பேரில் அனுப்புவார், கூலியையும் அவரே கட்டிவிடுவார். இங்கே அவர் வீட்டுக் கணக்கில் பணம் விழும். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் அந்த வீட்டுக்குப் போய், டீ குடித்து, தங்கள் பங்கை எண்ணி வாங்கிக்கொண்டு, கூலிக்கென்று தலைக்கு முந்நூறு வைத்துவிட்டு வருவார்கள். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. நான்கு வருஷத்தில் ஒரு பைசா குறைந்ததில்லை.

குறைந்ததில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அனுப்பும் கடை கொடுக்கிற சீட்டில் ஒரு தொகை இருக்கும், வந்து விழும்போது ஐந்நூறோ அறுநூறோ காணாமல் போயிருக்கும். கேட்டால் நடுவில் பிடித்துக்கொண்டார்கள் என்பார்கள். அந்த நடு எங்கே இருக்கிறது, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்கள் தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம விடுவானா?" என்பார், அந்த ஆறு பேரில் ஒருவரான பெயிண்டரின் அம்மா.

"எடுத்தவன் நக்கட்டும் பெரியம்மா. எடுக்காம நடுவுல நிக்கறவன் எல்லாம் எதுக்கு நக்கறான்?" என்பாள் கிரேன்காரரின் மனைவி. கிரேனைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காத அவளுக்குத் தெருவில் கிரேன்காரி என்றே பேராகிவிட்டது. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள். வாயும் கையும் பலமாக இருக்கும்.

அந்த மாதம் முறை தையல்காரிக்கு. அவள் புருஷன் அங்கே வெல்டர். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் போனவன். வீட்டில் அவளும், முட்டி தேய்ந்துபோன மாமனாரும். முன்னறையில் இரண்டு மோட்டார் மிஷின்கள், சுவரோடு சுவராகப் பள்ளிக்கூடச் சட்டைத் துணி. ஒரு சட்டைக்கு ஐம்பது. எதையும் சட்டையாக மாற்றித்தான் அவளுக்குப் புரியும். காஸ் தீர்ந்தால் இருபது சட்டை. மாமனாரின் மாத்திரை ஒன்பது சட்டை. அனுப்புகிற கூலி முப்பத்தாறு சட்டை, ஆறாகப் பிரித்தால் ஆறு சட்டை. புருஷன் அங்கே ஒரு பணத்தில் சம்பாதிக்கிறான், கடை அதை இன்னொரு பணமாக்குகிறது, இவள் அதைச் சட்டையாக்குகிறாள்.

இந்த முறை அவள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தாள். கடைத்தெரு வங்கியில் வெளிநாட்டுப் பணம் வந்து விழுவதற்கே அறுநூறு பிடிப்பார்கள். மிஷின் வாங்கக் கடன் கொடுத்த வங்கியில் அந்தப் பிடித்தம் இல்லை. அங்கே கடனோடு சேர்த்துத் திறந்த கணக்கு ஒன்று சும்மா கிடந்தது. அந்த நம்பரைப் புருஷனுக்கு அனுப்பினாள். தலைக்கு நூறு மிச்சம்.

"பாத்தீங்களா, தைக்கிறவ கத்தரிச்சதுலகூட மிச்சம் பிடிக்கிறா" என்று பெயிண்டர் அம்மாவே மெச்சினார். அவர் வாயால் மெச்சல் வாங்குவது லேசில்லை.

கடனில் மூன்று தவணை நின்றிருந்தது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. சீருடை எடுக்கிற கான்ட்ராக்டர் மூன்று மாதமாகக் காசு தராமல் இழுத்தடித்தான். ஆனால் தவணை என்பது அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்க் கையால் கட்டுவது. ஒரு வருஷமாக அப்படித்தான் கட்டினாள். தான் கையை நீட்டாமல் வங்கி கையை நீட்டாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கிரேன்காரியின் மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அறுபதாயிரம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுவார்கள், அதற்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்கு. கிரேன்காரர் எட்டு மாதமாகச் சேர்த்து அதை இந்த மாதத்தோடு அனுப்புவதாக ஏற்பாடு. மற்ற ஐந்து வீட்டுக்கும் இருபது இருபதாயிரம். மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். அவ்வளவு பெரிய தொகை ஒரே சீட்டில் வருவது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை போயிருக்க வேண்டிய பணம். புதன்கிழமை மத்தியானம் வரை போகவில்லை.

"அனுப்பிட்டீங்களா?" தையல்காரி ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அனுப்பிடலாம். ரேட்டு ஏறிக்கிட்டே இருக்கு."

"என்னங்க, விளையாடறீங்களா? சனிக்கிழமை கடைசி. அக்கா காலையில இருந்து மூணு தடவை வந்துட்டுப் போயிட்டாங்க."

"கிரேன் அண்ணனே பக்கத்துலதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. அவருதான் இருங்கடா, இன்னும் ஒரு நாள் பாப்போம்கறாரு. நேத்துக்கும் இன்னிக்கும் மொத்தத்துல ஆயிரத்து இருநூறு வித்தியாசம், தெரியுமா?"

"இருபத்தி நாலு சட்டை."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஏறலன்னா?"

"ஏறும்."

இந்த வியாதி அந்த அறைக்கே உண்டு. பட்டறையில் பத்து மணி நேரம் வெந்துவிட்டு வந்து, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, ஆறு பேரும் ஃபோனில் அந்த ஊர்ப் பணத்துக்கு நம் ஊர்ப் பணம் எவ்வளவு என்கிற ரேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது ஏறினால் தாங்களே கட்டித் தூக்கியது போல ஒரு சந்தோஷம். வியாழக்கிழமை காலை ரேட் சறுக்கியது. திங்கட்கிழமை இருந்ததற்கும் கீழே போனது. சாயங்காலம் பயந்துபோய் ஓடி அனுப்பினார்கள். குறைந்ததற்கும், நடுவில் வழக்கமாகப் பிடிப்பதற்கும் ஈடாக ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசையும் போட்டு, தொகையைச் சரிக்கட்டினார்கள். சீட்டின் படம் ஆறு வீட்டு ஃபோனுக்கும் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. தைத்த சட்டைகளில் ஈரவாடை ஏறாமல் இருக்க, கயிற்றில் தொங்கவிட்டு மின்விசிறியை ஓடவிட்டிருந்தாள் தையல்காரி. பதினோரு மணிக்குக் கிரேன்காரி வந்தாள்.

"வந்துச்சா?"

"இன்னும் மெசேஜ் வரலக்கா."

"மெசேஜ் வராமகூடப் பணம் வந்திருக்கும்ல?"

"வந்திருக்கலாம். ரெண்டு மணிக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"ஏன், இப்பவே போனா என்ன?"

"இப்பதான்கா போயிட்டு வந்தேன்."

கிரேன்காரி வாசலிலேயே நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கைவிரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது. "பொண்ணு சாப்பிடல. பன்னெண்டு மணி பன்னெண்டு மணின்னு சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. ஏண்டி, அது நாளைக்குப் பன்னெண்டு மணிடின்னா காதுல ஏறல."

"வந்துடும்கா."

"வரலன்னா உன்னையா கேக்கப் போறேன்? அந்த மனுஷனைச் சொல்லணும். ரேட்டு பாத்தாராம், ரேட்டு. கூண்டுக்குள்ள உக்காந்து உக்காந்து மூளையும் மேலயே தங்கிடுச்சு."

இரண்டரை மணிக்கு வங்கியில் பாதி விளக்கு எரிந்தது. தையல்காரி வரிசையில் பதினாலாவது ஆளாக நின்றாள். கவுன்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வந்திருக்கிறது என்றாள். தையல்காரிக்கு உயிர் வந்தது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டாள் கவுன்டர் பெண்.

"எல்லாமே. ஒரு லட்சத்து அறுபதாயிரம்."

"ஒண்ணு நாப்பத்தெட்டுதானே இருக்கு?"

"இல்லைங்க, ஒண்ணு அறுபது. இதோ பாருங்க சீட்டு."

"ஒண்ணு அறுபது வந்துச்சும்மா. அதுல பன்னெண்டாயிரம் லோனுக்குப் போயிருக்கு. மூணு தவணை, அதுக்கு அபராதம்."

"நான் கட்டவே இல்லையே?"

"நீங்க கட்டலன்னுதான் அதுவா எடுத்துக்கிச்சு."

"அது என் பணம் இல்லைங்க. ஆறு வீட்டுப் பணம்."

"மிஷினுக்கு அது எப்படிம்மா தெரியும்? கணக்கு உங்க பேர்ல இருக்கு. பணம் வந்தா எடுத்துக்கலாம்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நான் எங்க போட்டேன்?"

"லோன் வாங்கறப்ப. இருபது எடத்துல போட்டிருப்பீங்க."

போட்டிருந்தாள். பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் போடச் சொன்னார்கள், போட்டாள். நீங்களும் நானும் போட்டதில்லையா?

"திருப்பி எடுக்க முடியாதாங்க?"

"போனது போனதுதான். ஒரு வகையில நல்லதுதானேம்மா, பாக்கி இல்லாம ஆயிடுச்சு." அந்தப் பெண் உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அறுநூறு மிச்சம் பிடிக்கப் போய்ப் பன்னிரண்டாயிரம். இருநூற்று நாற்பது சட்டை. பணத்தைத் துணிப்பைக்குள் வைத்து, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மழையில் நடந்தவளுக்கு வீடு வரும்வரை வேறு எதுவும் தோன்றவில்லை.

மாமனார் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மருமகள் முகத்தைப் பார்த்ததும், முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த தைலத்தைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"உன் பங்கு எவ்வளவு?"

"இருபது."

"அதுல பன்னெண்டு போனா எட்டு. எட்டாயிரத்துல மாசத்தை ஓட்டிடலாம். ஆனா அது இல்ல பிரச்சினை. கடனுக்குப் போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு உன்னை நம்பி எவளும் பணம் அனுப்ப மாட்டா. அங்க அவனும் தலையைத் தூக்க முடியாது."

"அதான் மாமா பயமா இருக்கு."

அவர் தைலப் புட்டியின் மூடியைத் திருகி மூடினார். "நான் லாரி ஓட்டறப்ப வழியில ஒவ்வொரு செக்போஸ்ட் கேட்டுலயும் எவனோ ஒருத்தன் காசு பிடிப்பான். முதலாளிகிட்ட வந்து கேட்டுல பிடிச்சாங்கன்னு சொல்வேன். பிடிச்சதையும் சொல்வேன், பிடிக்காததையும் சொல்வேன். எந்த முதலாளியும் கேட்டுல போய் விசாரிச்சதில்ல."

"மாமா."

"நடுவுல பிடிச்சுட்டாங்கன்னு சொல்லும்மா. மாசாமாசம் பிடிக்கறதுதானே. தொகை பெருசு, அதனால பெருசாப் பிடிச்சுட்டான்னு சொல்லு. தலைக்கு ரெண்டாயிரம். யாரும் செத்துட மாட்டாங்க."

"அது பொய் மாமா."

"பாதிப் பொய். பிடிச்சது நிஜந்தானே?"

அவள் உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். ஆறு டம்ளர்களைக் கழுவிய பிறகு, ஏற்கெனவே கழுவியதை மறந்து இன்னொரு தடவை கழுவினாள். அந்த நடுவில் யாரோ முகம் தெரியாதவன் நான்கு வருஷமாகத் திருட்டுப் பட்டத்தைச் சுமந்துகொண்டு இருக்கிறான், அவன் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன? அப்படித்தான் அவள் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள் என்று பின்னால் அவளே சொல்லித் தெரியும்.

நாலரை மணிக்கு ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். தைத்த சட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தாள். பணம் நடுவில் இருந்தது. கிரேன்காரி பணத்தைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி ஒரு பெருமூச்சு விட்டாள், பார்த்தவர்களுக்கே இறுக்கம் தளர்ந்தது.

"ஒரு விஷயம்" என்றாள் தையல்காரி. "ஒண்ணு நாப்பத்தெட்டுதான் வந்திருக்கு. நடுவுல... தொகை பெருசுன்னு பன்னெண்டாயிரம் பிடிச்சுட்டாங்களாம்."

"பன்னெண்டாயிரமா!" டம்ளரை வைத்த வேகத்தில் பெயிண்டர் அம்மாவின் டீ பாயில் சிந்தியது. "பகல் கொள்ளையா இல்ல இருக்கு! எவன் அவன்?"

"தெரியல பெரியம்மா. தலைக்கு ரெண்டாயிரம்னு பிரிச்சுக்கலாம்."

அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நாலு வசவு, ஒரு டீ, அவரவர் பங்கு. ஆனால் பெயிண்டர் அம்மாவுக்குக் கணக்கு மூளை.

"ஏன் பிரிக்கணும்?" என்றார். "நாலு வருஷமா அஞ்சு நூறு, ஆறு நூறு பிடிச்சவன் இந்த மாசம் ஏன் பன்னெண்டாயிரம் பிடிச்சான்? பொண்ணு பீசையும் இதுல கொண்டாந்து சேர்த்ததாலதானே தொகை பெருசாச்சு? நான் போட்டது எப்பவும் போடற இருபது. நான் எதுக்கு ரெண்டாயிரம் விடணும்?"

மற்ற மூன்று பேரும் பெயிண்டர் அம்மா சொல்வது நியாயம் என்று நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

"பெரியம்மா, அப்படி இல்ல..." தையல்காரி நோட்டுக்கட்டை முன்னால் நகர்த்தினாள். "எல்லாரும்தானே..."

"நீ சும்மா இரு. உனக்கு இளகின மனசு."

கிரேன்காரியின் முகம் சிவந்திருந்தது. சண்டைக்கு வருவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் வரவில்லை. "பெரியம்மா சொல்றது சரி" என்றாள். "என்னாலதான் பிடிச்சான். அது என் தலையிலயே போகட்டும். யாரும் ஒரு காசு விட வேணாம்."

அவளே பணத்தை எண்ணிப் பிரித்தாள். மாவு பிசைகிற கைக்கு நோட்டு எண்ணத் தெரியாதா? நாலு பேருக்கும் இருபது இருபது. தையல்காரி முன்னால் இருபதாயிரம் வைத்தாள். மிச்சம் நாற்பத்தெட்டை முந்தானையில் முடிந்தாள். தன் சுருக்குப்பையிலிருந்து முந்நூறு எடுத்துக் கூலிக்கு வைத்தாள். நாலு பேரும் தங்கள் முந்நூறை வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

தன் முன்னால் இருந்த இருபதாயிரத்தைத் தையல்காரி தொடவில்லை.

"அடகுக் கடை ஏழு மணி வரைக்கும் இருக்கும்ல?" கிரேன்காரி காதில் கையை வைத்துத் திருகைத் திருப்ப ஆரம்பித்திருந்தாள். கல்யாணத்தில் போட்ட தோடு. பதினெட்டு வருஷமாகக் கழற்றாத திருகு வரவில்லை. "கொஞ்சம் எண்ணெய் கொண்டா. வழவழன்னு இருந்தா வந்துடும்."

தையல்காரி மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்தாள். அவள் கை நடுங்கியதைப் பார்த்துக் கிரேன்காரி சிரித்தாள். "நீ எதுக்குடி நடுங்கற? காது என்னுது."

தோடு வந்தது. இன்னொன்றும் வந்தது. கிரேன்காரி இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல ஆட்டினாள். "பன்னெண்டு கொடுப்பான்ல? கொடுப்பான். ஒரு துண்டு நூல் கொடு. இல்லன்னா ஓட்டை தூந்துடும். அவரு வரப்ப காது மூடியிருந்தா, ஏண்டி வித்துட்டியான்னு கேப்பாரு."

மிஷினில் ஓடிக்கொண்டிருந்த நீல நூலை அறுத்து, மெழுகில் இழுத்து, ஊசியில் கோத்தாள் தையல்காரி. கிரேன்காரி தரையில் உட்கார்ந்து காதைக் காட்டினாள். வலது காதில் நூலை விட்டு, முடிச்சுப் போட்டு, கத்தரித்தாள். பல தடவை செய்த வேலை போலக் கை அதுபாட்டுக்குச் செய்தது. இடது காதுக்கு நகர்ந்தாள்.

"உன்மேல என்னடி தப்பு, முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்க?" என்றாள் கிரேன்காரி. "நீ தலைக்கு ரெண்டாயிரம்னு சொன்ன பாரு, அதை நான் மறக்க மாட்டேன். மத்தவங்க யாராவது சொன்னாங்களா? என் பொண்ணு மட்டும் நர்ஸ் ஆகட்டும், முதல் ஊசி உன் மாமனார் முட்டிக்குத்தான்."

ஊசி காதுக்குள் பாதியில் நின்றது.

"அக்கா, நடுவுல யாரும் பிடிக்கல."

"என்ன?"

"என் லோனுக்குப் போச்சு. மூணு தவணை கட்டல. அந்தக் கணக்குல பணம் விழுந்ததும் வங்கியில எடுத்துக்கிட்டாங்க. எனக்கு எடுப்பாங்கன்னு தெரியாது, சத்தியமாத் தெரியாது. ஆனா பொய் சொன்னது தெரிஞ்சு சொன்னேன்."

உள்ளே மாமனார் இருமினார், இருமலை அடக்கிக்கொண்டார். கிரேன்காரி திரும்பவில்லை, திரும்பினால் ஊசி கிழிக்கும். கண் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கட்டி முடி" என்றாள்.

தையல்காரி கட்டி முடித்தாள். கிரேன்காரி எழுந்து, அந்த இருபதாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் எண்ணி எடுத்தாள். இரண்டாம் தடவையும் எண்ணினாள். தோட்டையும் பணத்தையும் சேர்த்து முந்தானையில் முடிந்தாள்.

"இப்ப கிளம்பு. நாலு வீட்டுக்கும் வந்து உன் வாயால சொல்லு. என் பொண்ணு படிப்பாலதான் பிடிச்சான்னு நாளைக்கு ஒருத்தி சொல்லக் கூடாது."

"அக்கா, நாளைக்குச் சொல்றேனே..."

"இப்ப."

ஒரே குடையில் இரண்டு பேரும் நாலு வீட்டுக்கும் போனதை எங்கள் தெரு பார்த்தது. குடையைக் கிரேன்காரிதான் பிடித்திருந்தாள். தையல்காரி நனையாமல் இருக்க அவள் பக்கமாகத் தள்ளிப் பிடித்ததையும், நாலு வீடு முடியும்வரை ஒரு வார்த்தை பேசாததையும் பார்த்தோம். மூன்று வீட்டில் கதவைச் சீக்கிரம் சாத்தினார்கள். பெயிண்டர் அம்மா மட்டும் வாசலுக்கு வந்து கேட்டார்.

"உன்னை நம்பி ஊரைத் திட்டினேனேடி! அந்த நடுவுல இருக்கறவனுக்கு எவ்வளவு சாபம் விட்டேன்! இனிமே உன் கணக்கும் வேணாம், உன் வீட்டுக்காரன் பங்கும் எங்க பங்கோட வேணாம். அவன் தனியா அனுப்பிக்கட்டும்."

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கிரேன்காரி அறுபதாயிரத்தைக் கட்டி ரசீது வாங்கினாள். மகளின் இடம் உறுதியானது. காதில் நீல நூலோடுதான் போனாள். தோடு முந்தானையிலேயே இருக்கும்போது மாட்டிக்கொண்டு போனால் என்ன என்று மகள் கேட்டதற்கு முறைத்தாளாம்.

தையல்காரி வீட்டில் எட்டாயிரத்தில் மாதம் ஓடியது. ஓடியது என்று சொல்லலாம், நொண்டியது. மாமனார் வேளைக்கு ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் கேட், லாரி எதையும் பற்றிப் பேசவில்லை. வெல்டரிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது.

"ரூம்ல என்ன சொல்றாங்க?" என்றாள் அவள்.

"ஒண்ணும் சொல்லல."

"திட்டறாங்களா?"

"திட்டினாத் தேவலை. கிரேன் அண்ணன் தட்டை எடுத்துக்கிட்டு அந்தக் கட்டில்ல போய் உக்காந்து சாப்பிடறாரு." பிறகு கேட்டான். "ஏம்மா, தவணை நின்னுச்சுன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க தனியா அனுப்பியிருப்பீங்க. அதுக்கு ஆயிரத்து எண்ணூறு."

"இப்ப அதேதானே ஆகப் போகுது?"

அதேதான் ஆனது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதை. அடுத்த மாதம் இருபதாயிரத்துக்கு ஆயிரத்து எண்ணூறு கூலி, கடைத்தெரு வங்கிக்கு அறுநூறு, நடுவில் முகம் தெரியாதவனுக்கு ஐந்நூறு. ஐம்பத்தெட்டு சட்டை. அதற்கு அடுத்த மாதமும் ஐம்பத்தெட்டு. காலையில் மிஷினில் உட்கார்ந்தால், ஐம்பத்தொன்பதாவது சட்டையிலிருந்துதான் தன் வீட்டுக்கு என்று அவளுக்குத் தோன்றும். கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது. இதில் எது கூலியால், எது வருத்தத்தால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கிரேன்காரி மட்டும் தோட்டை மாட்டவே இல்லை. தோடு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, நூல் காதில் இருக்கிறது. ரொட்டிக் கடைக்குப் போகும்போது தையல்காரி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு தாண்டுவாள். அந்த நீலம் மாவுப் பொடியில் வெளுத்து, எண்ணெயில் கருத்து, மூன்று மாதத்தில் நூல் என்றே சொல்ல முடியாதபடி ஆனது. இப்படி ஒரு வீம்பை எங்கள் தெரு பார்த்ததில்லை. தையல்காரி ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்துவாள், தலையைக் குனிந்துகொள்வாள்.

நாலாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் சாயும் நேரம், கிரேன்காரி தாண்டிப் போகாமல் உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"இதை வெட்டு. அரிக்குது."

தையல்காரி கத்தரியை எடுத்தாள். முதல் நூலை வெட்டி இழுத்தாள், ஓட்டையில் பிசுபிசுப்பு இருந்தது, துணியால் துடைத்தாள். இரண்டாவதையும் வெட்டினாள். கிரேன்காரி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோட்டை நீட்டினாள். தையல்காரி மாட்டிவிட்டாள்.

"இந்த மாசம் என் முறை" என்றாள் கிரேன்காரி, சுவரைப் பார்த்தபடி. "உன் வீட்டுக்காரர் பங்கையும் இதுல சேர்த்துக்கச் சொல்லி அவர்கிட்ட சொல்லிட்டேன். பெயிண்டர் அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், குதிச்சுப் பாத்தாங்க. பணம் என் கணக்குக்குத்தான் வரும். உன் கணக்கு எந்தக் காலத்துலயும் வேணாம்."

"அக்கா..."

"அழாத. உனக்காக ஒண்ணும் இல்ல. அஞ்சு பேராப் பிரிச்சா தலைக்கு முந்நூத்தி அறுபது வருது. மாசாமாசம் அறுபது எவ கொடுப்பா?"

எழுந்து வாசல்வரை போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். தோட்டின் கனம் புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும், காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்துடு. முந்நூறு. சில்லறையா எடுத்துட்டு வா, மீதி கொடுக்க என்கிட்ட இல்ல."